இன்னும் கொஞ்சம் பேஸ்

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் அந்தச் சாலையில், பைக்கில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டை அலறவிடும் பாட்டுவண்டிக்காரர் என்றொரு ஜீவன் உலவுகிறது. கண்ணால் பார்த்து அடையாளம் காண வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கினால் அது வந்துகொண்டிருக்கிறது. டம்ளர் கீழே விழுந்தால் வந்துவிட்டது.

இந்த ஜீவன் எதற்கு பைக் வாங்குகிறது தெரியுமா? ஊர் சுற்ற. அதற்கென்றே செய்த கனத்த வண்டியைத்தான் வாங்கும். இரண்டு பக்கமும் சாமான் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ளச் சோபா மாதிரி சீட்டு, எல்லாம் இருக்கும். வாங்கிய பிறகு எங்கேயும் போகாது. ஏனென்றால் வண்டியில் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கும். அது முடிந்தால் இன்னும் ஒரே ஒரு வேலை.

உதாரணத்துக்கு எங்கள் ராயபுரத்து ஜெரியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாலும் தெருவில் யாரும் கேட்கமாட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பகலெல்லாம் இரும்போடு இரும்பு மோதுவதைக் கேட்டுப் பழகிய காது, அதனால் மற்றவர்கள் சத்தம் என்று அலறுவதெல்லாம் அவனுக்கு முணுமுணுப்பு. அவன் மனைவி மெர்லின் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் பில் போடுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, வேளாங்கண்ணிக்கு பைக்கிலேயே போய்வர வேண்டும், அவர்கள் இரண்டு பேர் மட்டும். பத்தாவது கல்யாண நாளுக்குக் கட்டாயம் என்று ஜெரி மாதா மேல் ஆணையாகச் சொல்லியிருந்தான். அந்த நாள் வந்ததோ தீபாவளி நெருங்குகிற நேரத்தில், அப்போது துணிக்கடையில் லீவு கேட்பதும் முதலாளியின் கிட்னியைக் கேட்பதும் ஒன்று. மெர்லின் கேட்டாள், சண்டை போட்டாள், லீவை வாங்கியும் விட்டாள்.

ஜெரியும் சும்மா இருக்கவில்லை, உடனே வேலையில் இறங்கினான். பிரேக்கைப் பார்த்தானா? டயரைப் பார்த்தானா? ஸ்பீக்கர் வாங்கப் போனான்.

அவனுடைய தோஸ்து ஒவைஸ் தண்டையார்பேட்டையில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருப்பவன். முதலில் முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு ஸ்பீக்கர் மாட்டினார்கள். ஜெரி பாட்டைப் போட்டான், கண்ணை மூடினான், ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் பார்க்கும் டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"நல்லாத்தான் கீது மாமு. கொஞ்சம் பேஸ் பத்தல."

இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டுவண்டிக்காரர் பிறந்ததும் அழுவதற்குப் பதிலாக இதைத்தான் சொல்லியிருப்பார். பேஸ் என்பது பாட்டின் அடியில் தும் தும் என்று அதிரும் சத்தம், காதில் கேட்பதல்ல, வயிற்றில் கேட்பது, பக்கத்து வீட்டுக்காரர் வயிற்றில் கேட்டால் இன்னும் உத்தமம். ஆகவே ஆம்ப்ளிஃபயர் வந்தது. சீட்டுக்கு அடியில் அதற்கு இடமில்லை, இடது பக்கச் சாமான் பெட்டிக்குள் போனது. ஆம்ப்ளிஃபயர் வந்த பிறகு ஸ்பீக்கர் சின்னதாகத் தெரிந்தது, பெரிதாக இரண்டு வாங்கி வலது பக்கப் பெட்டியை ரொப்பினார்கள். அப்படியானால் சாமானை எங்கே வைப்பதாம் என்று மெர்லின் கேட்டாள். மடியில வச்சிகினா போச்சு என்றான் ஜெரி. வண்டி ஓட்டுகிறவன் மடியிலா வைக்க முடியும்?

கடைசியாக ஒரு வயர். சாவியைத் திருப்பினால் மட்டும் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போகிற மாதிரி இணைத்துக்கொள் என்று ஒவைஸ் சொல்லியனுப்பினான். ஜெரி வீட்டுக்கு வந்து, பேட்டரியிலிருந்து நேராக இழுத்துக் கொடுத்தான். சாவி போட்டால்தான் பாட்டு என்றால், நிறுத்தி வைத்த வண்டியில் எப்படிப் பாட்டு கேட்பது என்பது அவன் வாதம். நியாயம்தானே? நின்றுகொண்டேயிருக்கும் வண்டிக்குத்தான் பாட்டே தேவை.

கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் தெருவே வண்டியைச் சுற்றி நின்றது. எதிர்வீட்டு சௌக்கத் பாய் ஒரு கவாலி கேட்டார். ஆலிஸ் அக்கா மாதா பாட்டு கேட்டாள். மார்க்கெட் பையன்களுக்குக் கானா. ஜெரி யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை, கர்ணனுக்கு அடுத்து அவன்தான். இன்ஜினை மட்டும் அணைத்தே வைத்திருந்தான், அது ஓடினால் பாட்டின் துல்லியம் கெட்டுவிடுமாம். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மெர்லின் சாப்பிட வரச்சொல்லி வாசலில் நின்று கூப்பிட்டாள். தெருவில் எல்லோருக்கும் கேட்டது, ஜெரியைத் தவிர.

விடிந்தது. மெர்லின் புதுச் சுடிதாரில், மடியில் துணிப்பை, அதன் மேல் எலுமிச்சைச் சாத டப்பாவோடு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம், பாவம். ஜெரி சிலுவை போட்டுக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். டிக் என்றது. மறுபடி அழுத்தினான். அந்த டிக்கும் இல்லை. முந்தைய நாள் பாட்டெல்லாம் சேர்ந்து பேட்டரியைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்திருந்தது.

தள்ளினார்கள். சௌக்கத் பாய் தள்ளினார், பால்காரர் தள்ளினார், பையைக் கீழே வைத்துவிட்டு மெர்லினும் தள்ளினாள். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஏறிய அந்த வண்டி கல்மண்டபம் பக்கம் போய் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. பேட்டரியை சார்ஜ் போட்டால் மத்தியானத்துக்குள் கிளம்பிவிடலாம், போகும் வழியெல்லாம் பாட்டு கேட்டுக்கொண்டே போகலாம் என்று ஜெரி தேற்றினான். மெர்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாட்டு கேக்கறதுக்கா நான் லீவு வாங்கினேன்? பத்து வருசமா நாம உக்காந்து பேசவேல்ல. வண்டில ஏறிட்டா நீ எங்கியும் போவ முடியாது, பேசிகினே போலாம்னு வாங்கினேன்."

ஜெரி குனிந்து பேட்டரியைத் தட்டிப் பார்த்தான். ஒரு பேட்டரி பத்தவில்லையே என்பதுதான் அவன் துக்கம். அவள் ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் பிடித்து, தனியாகவே வேளாங்கண்ணிக்குப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது அவன் வாசலிலேயே காத்திருந்தான், முகமெல்லாம் பல். இனிமேல் வண்டி நின்றுபோகவே போகாது, அவளுக்காகவே வேலை செய்து வைத்திருக்கிறானாம். இரண்டாவதாக ஒரு பேட்டரி. சீட்டுக்கு அடியில் இடமில்லை, பெட்டி இரண்டும் ஏற்கெனவே நிறைந்தவை. ஆகவே பேட்டரி பின் சீட்டில் வீற்றிருந்தது. மேடு பள்ளத்தில் அதிராமலிருக்கக் கீழே ஸ்பான்ஜ், சரிந்துவிடாமல் இருக்கப் பெல்ட், மழைக்கு உறை. பத்து வருடத்தில் அந்த வீட்டில் யாரையும் அவன் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

மெர்லின் அதைப் பார்த்தாள். பையிலிருந்து, நோவு இருக்கிற இடத்தில் தடவும் மாதா கோயில் எண்ணெயை எடுத்து, விரலால் தொட்டு, அவன் இரண்டு காதிலும் சிலுவை போட்டுவிட்டு உள்ளே போனாள். ஜெரிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு பாட்டைப் போட்டுவிட்டு, கொஞ்சம் பேஸ் பத்தல என்றான்.

சிரிக்கிறீர்கள். நம்மிடம் பைக்கே இல்லையே என்ற தைரியம். சரி, அந்தப் பெரிய டிவியை எதற்கு வாங்கினீர்கள்? எல்லோருமாக உட்கார்ந்து பார்க்கத்தானே? வாங்கிய நாளாய் ரிமோட்டும் கையுமாக அதன் கலரைத்தானே சரிசெய்துகொண்டிருக்கிறீர்கள்? இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களை யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். கேட்டதா?