எதுவும் தீராத வீடு

ஒரு ஆண்மகனின் பெரிய முடிவுகள் எல்லாம் வாயில் பிரஷ்ஷோடு நிற்கும்போதுதான் பிறக்கின்றன. அன்று காலை நானும் அப்படித்தான் நின்றேன். பற்பசை தீர்ந்திருந்தது. வாலிலிருந்து கழுத்துவரை சுருட்டிப் பார்த்தேன். கதவிடுக்கில் வைத்து நசுக்கினேன். கத்தரிக்கோலால் வயிற்றைக் கிழித்துச் சுரண்டினேன். கொசு பல் தேய்க்கிற அளவுக்கு வந்தது.

“இந்த வீட்டில் இனிமேல் எதுவுமே தீரக் கூடாது!” என்று முழங்கினேன். வாயில் பிரஷ் இருந்ததால் அது முழக்கமாக வரவில்லை, கொப்பளிப்பாக வந்தது.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, காலங்காத்தால?”

“நேத்து பற்பசை இருந்துச்சு, இன்னைக்கு இல்ல. முந்தாநாள் சோப்பு. அதுக்கு முன்னாடி துணி பவுடர். தினம் ஒண்ணு தீருது, தினம் ஒரு தடவை முனைக் கடைக்கு ஓட்டம். அந்த ஆளு நம்மள வெங்காயம் மாதிரி உரிச்சுக்கிட்டிருக்கான்.”

“அதுக்கு என்ன பண்ணணுங்கறீங்க?”

என்ன பண்ணுவது என்று அப்போது எனக்குத் தெரியாது. மேஜைக்கு வந்து டீ தம்ளரைத் தூக்கினேன். அடியில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்திருக்கும் மொத்தக் கடையின் விளம்பரம். ‘பெட்டியாக வாங்குங்கள், பாதியாகச் செலவழியுங்கள்.’ கடவுள் என்னோடு நேரடியாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“இனிமே வீட்டுச் சாமான் எல்லாம் என் பொறுப்பு. மொத்தமா வாங்கப் போறேன். மிச்சம் பிடிச்சுக் காட்டறேன் பார்.”

“செய்யுங்க” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் இந்த வார்த்தையைச் சொன்னது ஒரே ஒரு தடவை. கூரை விசிறியை நானே மாட்டுகிறேன் என்றபோது. அதற்கப்புறம் எனக்கு நெற்றியில் நாலு தையல்.

“நிஜமாவா சொல்றே?”

“நிஜமாத்தான். ஆனா ரெண்டு கண்டிஷன். மூணு மாசம் இந்த வீட்டுல எதுவும் தீரக் கூடாது. ஏதாவது ஒண்ணு தீர்ந்து நான் முனைக் கடைக்குப் போக வேண்டியிருந்தா, ஜன்னல் மூலை எனக்கு.”

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஒரு அடுப்படி, உருப்படியாக ஒரே ஒரு ஜன்னல். ஜன்னல் மூலையில் என் சாய்வு சோபா. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். இழுத்தால் காலைத் தூக்கிக் கொடுக்கும். உலகத்தில் நான் சொன்னதைக் கேட்கிற பொருள் அது ஒன்றுதான். என் மனைவியின் தையல் மெஷினோ அடுப்படிக் கதவுக்குப் பின்னால், பல்பு வெளிச்சத்தில் கிடந்தது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். நீலத்துணிக்கு நீலநூல் கோப்பதற்குள் கண் பூத்துவிடுகிறது, அந்த மூலையைக் கொடுங்கள் என்று ஒரு வருஷமாகக் கேட்கிறாள். நானும் ஒரு வருஷமாக, பேப்பர் படிக்க வெளிச்சம் வேண்டும் என்று சொல்லி வருகிறேன். “கண்ணை மூடிக்கிட்டுத்தானே படிக்கறீங்க?” என்பாள்.

“தீரலைன்னா?” என்று கேட்டேன்.

“மூலைங்கற வார்த்தையே என் வாயில வராது.”

“ரெண்டாவது கண்டிஷன்?”

“வாங்கறதை நீங்கதான் வைக்க இடம் பார்க்கணும். என் அடுப்படிக்குள்ள ஒரு தீப்பெட்டிகூட வரக் கூடாது. பீரோ, பரண், கட்டிலுக்கு அடியில எல்லாம் என் சாமான் இருக்கு. உங்க இடத்துல வெச்சுக்குங்க.”

“சரி!” என்றேன். என் இடம் என்று இந்த வீட்டில் எது இருக்கிறது என்று அந்த நேரத்தில் யோசிக்கத் தோன்றவில்லை.

உறுப்பினர் படிவத்தைக்கூட அவளே எங்கிருந்தோ கொண்டுவந்து நிரப்பி வைத்திருந்தாள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவியோடு போய்ப் பந்தயம் கட்டிவிட்டோமே என்று.

அந்தக் கடைக்கு நீங்கள் போனதுண்டா? கடை இல்லை அது. ரயிலை நிறுத்திவைக்கிற கொட்டகை. தள்ளுவண்டி ஒன்றில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம். தலைக்கு மேலே பெட்டி, பெட்டிக்கு மேலே பெட்டி. முதுகில் கம்பி நீட்டிய வண்டி ஒன்று ‘கீங், கீங்’ என்று கத்தியபடி அவற்றை இறக்குகிறது. என் போட்டோ போட்ட கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உள்ளே போனேன்.

பற்பசை முப்பத்தாறு. துணி பவுடர் இருபத்தைந்து கிலோ, ஒரே மூட்டை. பாத்திரம் தேய்க்கும் நார் அறுபது. தரை துடைக்கும் கட்டை ஆறு.

“ஆறா?” என்றாள் மனைவி, எல்லாவற்றையும் வீட்டில் இறக்கியதும்.

“தனியா வாங்கினா ரெண்டோட விலை, தெரியுமா?”

“தெரியும். நமக்கு இருக்கறதும் ரெண்டு ரூம்தான், தெரியுமா? ரூமுக்கு மூணு கட்டை. நீங்க ஒரு கையில, நான் ஒரு கையில பிடிச்சாலும், பாப்பா நாலு பிடிக்கணும்.”

“இது என்னன்னு பார். பாப்பாவுக்கு டயப்பர்! நாலு பெட்டி. மூணு மாசத்துக்குக் கவலையே இல்லை.”

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பாப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இதுல என்ன போட்டிருக்கு?”

“மூணிலிருந்து ஆறு. நம்ம பாப்பாவுக்கு ஆறு மாசம். அளவெடுத்த மாதிரி!”

“அதுக்குக் கீழே சின்னதா?”

குனிந்து பார்த்தேன். ‘கிலோ’ என்று போட்டிருந்தது.

“பாப்பா எவ்வளவு எடை, சொல்லுங்க?”

“அஞ்சு... அஞ்சரை...?”

“எட்டரை. பெத்த பொண்ணை ஒரு நாளாவது முழுசாத் தூக்கியிருந்தாத் தெரியும்.”

இதில் எனக்கு ஏற்பட்ட அவமானத்தை மற்றவர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, “கடைசி வரியைப் படிங்க சார்” என்று தினம் முப்பது பேரைக் கேட்டு வயிறு வளர்க்கிறவன்.

“திருப்பிக் குடுத்துட்டு வரட்டுமா?”

“வேண்டாம், இருக்கட்டும்” என்றாள். எவ்வளவு பெருந்தன்மை! நாலு பெட்டியையும் என் சோபாவுக்கு வலது பக்கம் அடுக்கினேன். இடது பக்கம் துணி பவுடர் மூட்டை. நடுவில் நான். அரசனுக்கு இரண்டு பக்கமும் மந்திரிகள் மாதிரி கம்பீரமாகத்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் ஆரம்பித்தது அந்தப் பயம்.

“என்னங்க, கை கழுவற சோப்புத்தண்ணி அடி தட்டுது.”

ஓடினேன். இருபது லிட்டர் வந்தது.

“ரப்பர் பேண்ட் ரெண்டுதான் இருக்கு. உங்க பந்தயத்துக்காகச் சொல்றேன். எனக்கென்ன, நான் முனைக் கடைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவேன்.”

“போகாதே! நில்லு!”

ரப்பர் பேண்ட் இரண்டு கிலோ வந்தது. இரண்டு கிலோ ரப்பர் பேண்ட் எப்படியிருக்கும் தெரியுமா? தலைக்கு வைத்துத் தூங்கலாம்.

“பாத்ரூம் கழுவற திரவம்...”

“எவ்வளவு இருக்கு?”

“பாதி.”

“பாதிதானா? முதல்லயே சொல்லக் கூடாதா?”

எனக்கு ஒரே குறி, பந்தயம். அவள் செருப்பை மாட்டினாலே நெஞ்சு படபடக்கும். எது தீரும், எப்போது தீரும் என்று தெரியாததால் தீராததையும் சேர்த்து வாங்கினேன். குடை ஒரு டஜன் வாங்கினேன். பெட்டிகள் வலது பக்கமிருந்து பின்பக்கம் போயின. பின்பக்கமிருந்து கைப்பிடிமேல் ஏறின. ஏழாவது வாரம், பேப்பர் பிரிக்கக் கையை விரித்தால் பெட்டியில் இடித்தது. எட்டாவது வாரம், கைப்பிடியை இழுத்தேன். சோபா காலைத் தூக்கப் பார்த்தது. முனகியது. முன்னால் காகிதக் கைக்குட்டை எண்பது டப்பா.

“கொஞ்ச நாளைக்கு இதை மாடியில போட்டு வைக்கலாமே” என்றாள் மனைவி, பாப்பாவுக்குச் சோறு ஊட்டியபடி, பெரிதாக எதுவும் சொல்லாதவள் மாதிரி. “சாமான் குறைஞ்சதும் எடுத்துக்கிட்டாப் போச்சு. நீங்க ஜெயிக்கத்தானே போறீங்க?”

மாடி வீட்டில் இருப்பவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நானே, என் கையால், அவரையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, இருபத்திரண்டு படி ஏற்றி அந்த சோபாவைக் கொண்டுபோய் வைத்தேன். இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் கைப்பிடியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் முடிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை.

“எதுவும் தீரலை!” என்றேன். “ஒண்ணுகூடத் தீரலை. ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேங்க. ஜெயிச்சுட்டீங்க.”

“மூலை?”

“அந்த வார்த்தை என் வாயில வராது. சொன்னா சொன்னதுதான்.”

வெற்றி! மூலையைப் பார்த்தேன். மூலை தெரியவில்லை. ஜன்னல் தெரியவில்லை. தரையிலிருந்து கூரைவரை பெட்டி. நடுவில் ஒரு ஓட்டை வழியாகச் சூரியன், கடன் கேட்க வந்தவன் போல, தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தான்.

“இதையெல்லாம் என்ன பண்றது?” என்றேன். குரல் இறங்கிவிட்டது.

“நான் காலி பண்ணித் தரட்டுமா?”

“உன்னால முடியுமா?”

“நீங்க பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஒரு மணி நேரம் பார்க்குப் போயிட்டு வாங்க.”

போனேன். எட்டரை கிலோ இப்போது பத்து கிலோ ஆகியிருந்தது. தோள் கழன்றது. ஆனால் மனசெல்லாம் சோபா.

திரும்பி வந்தபோது படிக்கட்டில் ஊர்வலம். கீழ் வீட்டு நர்ஸம்மா நாலு டயப்பர் பெட்டியோடு இறங்கினாள். அவளுக்குப் பிறந்து ஒரு மாதமான பையன். எதிர் வீட்டு டியூஷன் டீச்சர் ரப்பர் பேண்ட் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனார். பரிசோதகரின் மனைவியான மாடி வீட்டக்கா கையில் துணி பவுடர்.

“என்னக்கா இது?”

“தம்பி, நீங்க நல்லா இருக்கணும்! உங்க வீட்டுக்காரி மூணு மாசமா எங்க எல்லார்கிட்டயும் லிஸ்ட் வாங்கிச் சொல்லிக்கிட்டிருந்தா. ‘கவலைப்படாதீங்கக்கா, சுமந்துட்டு வர ஆள் இருக்கு’ன்னு.”

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் பென்சிலால் சின்னதாக ஒரு வீட்டு எண். எட்டு வாரம் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே ஓடினேன். மூலை பளிச்சென்று இருந்தது. ஆனால் காலியாக இல்லை. அங்கே தையல் மெஷின் உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஊசிமேல் கொட்டியது. மெஷினுக்குப் பின்னால் என் மனைவி. பக்கத்தில் மலைபோல் நீலத்துணி.

“என்ன இது?”

“எது?”

“இந்த... மூலை!”

“பாருங்க, நீங்கதான் அந்த வார்த்தையைச் சொல்றீங்க, நான் சொல்லலை.”

“பந்தயத்துல ஜெயிச்சது நான்!”

“ஆமாம், ஜெயிச்சீங்க. நான் கேட்டா வாங்கிக்கிட்டேன்? காலியா கிடந்தது, வெச்சேன். ஒரு வருஷமாக் கெஞ்சினேன், நகரலை. எட்டே வாரத்துல நீங்களாவே தூக்கிட்டுப் போயிட்டீங்க. பள்ளிக்கூடம் திறக்கறாங்க, அறுபது சீருடைங்க. சாமான் எடுத்துட்டுப் போன அக்காங்க வேற ஆளுக்கு ரெண்டு ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்காங்க.”

மாடிக்கு ஓடினேன். பரிசோதகர் என் சோபாவில், காலைத் தூக்கிக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு.

“சார், சோபாவை எடுத்துக்கறேன்.”

“வீட்டுல வைக்க இடம் இருக்கா தம்பி?”

தலையைச் சொறிந்தேன்.

“அப்ப இருக்கட்டும். நான் இறங்கற ஸ்டேஷன் இன்னும் வரலை” என்றார்.

கீழே வந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு கிலோ ரப்பர் பேண்டும் அறுந்திருக்கும். ஆத்திரத்தில் மெஷின் டிராயரை இழுத்தேன். பொத்தான், பாபின், ஊசி டப்பா. அவற்றுக்கு நடுவில் பிரிக்காத ஒரு பற்பசை. மூடியில் முனைக் கடைக்காரனின் விலைச்சீட்டு.

“இது எப்ப வாங்கினது?”

“அது பழசுங்க. நீங்க அன்னைக்குக் கத்தினீங்க பாருங்க, அதுக்கு முந்தின நாள்.”

ஆனால் எனக்கு ஒன்று மிச்சமிருந்தது. பர்ஸைத் திறந்து கார்டை எடுத்து நீட்டினேன்.

“இதோ பார். இது இருக்கற வரைக்கும் எனக்கும் ஒரு மரியாதை இருக்கு. நான் உறுப்பினர். இனிமே நான் போனாத்தானே உன் அக்காங்களுக்குச் சாமான்? போக மாட்டேன்!”

“கார்டை நல்லாப் படிச்சீங்களா?”

“என் பேரு, என் போட்டோ.”

“கடைசி வரி?”

ஜன்னல் பக்கம் போய்த் தூக்கிப் பிடித்தேன். என் பெயருக்குக் கீழே, எறும்பு எழுதிய மாதிரி, ‘துணை உறுப்பினர்’ என்று இருந்தது. அதற்கும் கீழே தலைமை உறுப்பினரின் பெயர். அது இப்போது பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே, சேர்ந்த தேதி. பற்பசை தீர்ந்ததற்கு மூன்று வாரம் முன்னால். நான் நம்பாமல் கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தேன்.

“படிக்க முடியலையா?” என்றாள் என் மனைவி, கனிவாக. “வெளிச்சம் பத்தலைன்னா சொல்லுங்க, நான் வேணா கொஞ்சம் நகர்ந்துக்கறேன்.”

பத்தவில்லை என்றேன். அவள் நகரவில்லை.