ஏறும் வண்டியும் நிற்கும் வண்டியும்

ஓட்டுப்பட்டறை, குன்னூர்.
ஆவணி மாதம், சனிக்கிழமை. (எழுதத் தொடங்கியது செவ்வாய்க்கிழமை.)

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, காரமடை வாழைக்காய் மண்டி சுப்பண்ணன் அவர்களுக்கு, குன்னூர் ஆறுக்குட்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவி தனபாக்கியமும் நலம். கோழிகள் நலம். கார் இருக்கிறது என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன், அதற்கு மேல் கேட்க வேண்டாம். அங்கே நீங்களும், சம்பந்தியம்மாள் மருதாம்பாள் அவர்களும், மாப்பிள்ளையும், ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் என் மகள் வேணியும் நலமாக இருக்க வேண்டும் என்று தந்தி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இது யாரோ எழுதிக் கொடுத்தது அல்ல. முழுவதும் நானே என் கையால் எழுதுவது. போன தை மாதம் ஜெஸிந்தா டீச்சரின் அறிவொளி வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பஸ் போர்டு, கடைப் பலகை, கடலை மடித்து வந்த காகிதம் எதையும் விடுவதில்லை. இத்தனை வருஷமாக இந்த ஊர் முழுவதும் எழுதி வைத்திருந்திருக்கிறார்கள், எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். படிக்கத் தெரியாத காலத்தில் எல்லோரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். இப்போது டீத்தூள் பொட்டலத்தில் ‘கலப்படமற்றது’ என்று படித்தால், கேட்காமலே ஏன் இதைச் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. அந்தக் கண்ணோடுதான் உங்கள் கடிதங்களையும் படித்தேன்.

முன்பெல்லாம் அவற்றைத் தபால்காரர் நின்றபடியே படித்துச் சொல்லிவிட்டுப் போவார். எல்லோரும் சௌக்கியமாம், விசாரித்திருக்கிறார் என்பார், நானும் சந்தோஷப்படுவேன். போன வாரம் டப்பாவிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வரிவரியாகப் படித்தால், ஒவ்வொரு கடிதத்திலும் முதலில் கேட்டிருப்பது என் காரின் சௌக்கியம். அதற்குப் பிறகுதான் நான் வருகிறேன், சில கடிதங்களில் வரவே இல்லை. பங்குனியில் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, காரைத் தினமும் ஸ்டார்ட் செய்து வைக்கும்படி எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல்காரன் எப்படி ஸ்டார்ட் செய்வான் என்று நீங்கள் யோசிக்கவில்லையா, அல்லது யோசித்துத்தான் எழுதினீர்களா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நம் லேண்ட்மாஸ்டர் கார்களின் நிலைமை உங்களுக்குத் தெரியாதது இல்லை. நான் எஸ்டேட்டில் டிரைவராகச் சேர்ந்தபோது அம்பாசடர் என்ற பேரே கிடையாது, இந்த மலையில் கொஞ்சம் வசதியானவர் யாரைப் பார்த்தாலும் லேண்ட்மாஸ்டரில்தான் போவார். இப்போது பல் டாக்டருடைய சாம்பல் நிற வண்டி ஊட்டியில் ஒரு ஹோட்டல் வாசலில் நிற்கிறது, என்ஜின் இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். கேத்தியில் உருளைக்கிழங்கு விவசாயி ஒருவருடைய வண்டியில் கோழி அடைகிறது, பின் சீட்டில் வைத்தால் ஒரு முட்டைகூடக் கூமுட்டை ஆவதில்லை என்று அவர் பெருமையாகச் சொல்கிறார். கன்னிமாடத்து வண்டியை ஒரு சினிமாக் கம்பெனி வாங்கிப் போய்ப் பள்ளத்தில் உருட்டிவிட்டுப் படம் எடுத்தது. முதல் தடவை கேமரா ஓடவில்லையாம், மேலே இழுத்து வந்து மறுபடியும் உருட்டினார்கள். கூடியிருந்த ஜனங்கள் இரண்டு தடவையும் கைதட்டினார்கள், நான் தட்டவில்லை. இப்படி ஒன்றொன்றாகப் போய், மலைக்கு மேலே நான் ஒருவன், மலைக்குக் கீழே நீங்கள் ஒருவர் என்று மிஞ்சி நிற்கிறோம். என் வண்டி படுத்துவிட்டால் உங்கள் வண்டிக்கு இந்த ஜென்மம் முழுவதும் சாமான் கிடைக்கும். உங்கள் வண்டி படுத்தால் எனக்குக் கிடைக்கும். இதை நான் நினைத்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடிதம் போட்டு விசாரித்ததில்லை.

நாம் சம்பந்தியானதைக்கூட நான் இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு லேண்ட்மாஸ்டர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீங்களும் நானும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். நீங்கள் விடவில்லை, நானும் விடவில்லை. கையை எடுக்காமலே ஊரைக் கேட்டீர்கள், குலத்தைக் கேட்டீர்கள், மகள் இருக்கிறாளா என்று கேட்டீர்கள். பிறகு பெருந்தன்மையாக மூடியை எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள். அன்றைக்கு என் கண் கலங்கிவிட்டது. மூடி எப்படியும் குடும்பத்துக்குள்தானே இருக்கப்போகிறது என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள் என்று இப்போது படுகிறது. தனபாக்கியத்திடம் சொன்னேன். “கல்யாணத்துக்கு முன்னால சாதகந்தானுங்க பாத்தோம், காரையா பாத்தோம்?” என்கிறாள். அவள் வகுப்பில் சேரவில்லை, அதனால் எல்லோரையும் நம்புகிறாள்.

அடுத்து, உங்கள் மெக்கானிக் தேவநேசன் வந்துபோன விஷயம். ஆடி மாதத்தில் ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்தப் பக்கம் வந்தேன், சம்பந்தி கொடுத்தனுப்பினார் என்றார். தாரை வாசலில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் வராமல் நேராக வண்டியிடம் போனார். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதைப் போலச் சுற்றிச் சுற்றி வந்து மட்கார்டைத் தட்டினார், சட்டைப்பையிலிருந்து சில்லறை விழுந்துவிட்டது என்று சொல்லி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். சில்லறை தேட அவ்வளவு நேரமா? என் வண்டியில் செல்ஃப் எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்து வைத்திருப்பேன். கல்லை எடுத்து உருளவிட்டால் தானாக ஸ்டார்ட் ஆகும். அந்தக் கல்லைத் தேவநேசன் எதேச்சையாகச் செய்வதுபோலக் காலால் நெம்பினார். வண்டி கிளம்பிவிட்டது. நானும் அவரும் முன்னால் ஓடிப்போய் முதுகைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தோம். தனபாக்கியம் விறகுக்கட்டை எடுத்து வரப் போயிருந்தாள். அப்படி நிற்கும்போது அவர் சாவகாசமாகக் கேட்டார்.

“ஏனுங்க ஐயா, மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சுங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் போகலீங்க. பிரேக்கு கப்புனு புடிக்குதுங்க.”

“அப்புறம் ஏனுங்க நாம ரெண்டு பேரும் புடிச்சுட்டு நிக்கறோம்?”

அவர் கிளம்பிப் போன மறுநாள் பார்த்தால் பின் சக்கரத்து மூடி ஒன்றைக் காணவில்லை. வேவு பார்க்க வந்தவர் கையோடு கொண்டுபோய்விட்டார் என்று நான் மூன்று தெருவுக்கும் சொல்லிவிட்டேன். பிறகு மூடி கிடைத்தது. தனபாக்கியம் அதில் கோழிக்குத் தவிடு பிசைந்து வைத்திருந்தாள். ஆனாலும் அதோடு விட்டுவிட எனக்கு மனம் இல்லை. இத்தனை வருஷமாக மண்சட்டியில் தின்ற கோழிக்கு இப்போது கார் மூடி எதற்கு என்று கேட்டேன். வளைகாப்பு அன்றைக்கு அந்த மூடியைப் பார்த்துவிட்டு, தவிடு வைக்க இது வாகாக இருக்கும் என்று சம்பந்தியம்மாள்தான் சொன்னார்களாம். பாருங்கள், எங்கே சுற்றினாலும் காரமடைக்குத்தான் வந்து சேர்கிறது.

தேவநேசன் போய் நான்கு நாட்களில் உங்கள் கடிதம் வந்தது. என் வண்டி மேடு ஏறுகிறது, ஆனால் நிற்பதில்லை என்று கேள்விப்பட்டீர்களாம். உங்கள் வண்டி நிற்கிறதாம், ஆனால் ஏறுவதில்லையாம், கல்லாறு தாண்டி முதல் வளைவில் செகண்ட் கியர் துள்ளி வெளியே வந்துவிடுகிறதாம். ஆகையால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறீர்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றாக்கினால் அது யார் வண்டி? யார் பேரில் ஆர்.சி. புத்தகம் இருக்கும்? எங்கே நிற்கும்? இதற்கெல்லாம் நீங்கள் பதில் எழுதவில்லை என்று நினைத்துக் கடிதத்தைத் திருப்பினால், பின்பக்கத்தில் ஓரமாக, காரமடையில் ஷெட் இருக்கிறது, குன்னூர் மழையில் வண்டி துருப்பிடிக்கும் என்று இருக்கிறது. தபால்காரர் படித்துச் சொன்ன காலமாக இருந்தால் அந்த ஓரம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதற்கும் கீழே ஒரு வரி. வண்டி தயாராகவில்லை என்றால் பரவாயில்லை, பிரசவத்தைக் காரமடையிலேயே பார்த்துக்கொள்ளலாம், நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தி, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். என் மகள் என் வண்டியில்தான் மலையேறி வருவாள் என்று கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் நான் சொன்னேன். உங்கள் பங்காளிகள் கை கழுவும் இடத்தில் நின்று சிரித்தது எனக்கும் கேட்டது. வருகிற புதன்கிழமை விட்டால் அவளை அழைத்துவர நல்ல நாள் இல்லை, அதற்குப் பிறகு அவளால் பயணம் செய்யவும் முடியாது. தனபாக்கியம் வாடகை அம்பாசடர் பிடிக்கலாம் என்கிறாள். நான் சொன்ன சொல்லுக்கு வாடகை வண்டியா வருவது? பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டருக்காக நான் கோயம்புத்தூர் முழுவதும் அலைந்துவிட்டேன். ஒரு கடைக்காரர் மியூசியத்தில் கேட்கச் சொன்னார். அம்பாசடருடையதை வாங்கி வந்து வைத்துப் பார்த்தால் ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை. இப்போது கல்லை எடுத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் மேட்டுப்பாளையத்தில்தான் போய் நிற்கும். எனக்குத் தெரிந்து நல்ல சிலிண்டர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது உங்கள் வண்டியில் இருக்கிறது. அதை நீங்கள் கொடுக்காமல் இருக்கிறீர்கள் என்றால், காரோடு சேர்த்துப் பேரப்பிள்ளையையும் உங்கள் ஷெட்டிலேயே வைத்துக்கொள்ளத் திட்டம் போடுகிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆகையால், செவ்வாய்க்கிழமைக்குள் சிலிண்டர் இங்கே வந்து சேர வேண்டும். என் கியர்பாக்ஸின் மேல் யாரும் கண் வைக்க வேண்டாம். தேவநேசன் வந்தால் சட்டைப்பையில் சில்லறை இல்லாமல் வரட்டும். இதில் ஏதாவது வார்த்தை கடுமையாக இருந்தால், அவசரத்தில் எழுதிவிட்டேன் என்று நினைத்து மன்னிக்க வேண்டாம். நான் மெதுவாகத்தான் எழுதுகிறேன், ஒவ்வொரு சொல்லையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் வேணிக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாளுக்குத் தனபாக்கியத்தின் விசாரிப்புகள், கோழிகள் அந்த மூடியில் நன்றாகத் தின்கின்றன என்றும் சொல்லச் சொன்னாள். உங்கள் வண்டிக்கு அந்தச் சிலிண்டரைக் கழற்றும் வரையாவது ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
ஆறுக்குட்டி
(இது கையெழுத்து. கைநாட்டு அல்ல.)

பின்குறிப்பு: வேணிக் கண்ணு, இது உனக்கு. உறையின் மேல் ‘வேணி, கடைசிப் பக்கத்தை முதலில் படி’ என்று எழுதியிருக்கிறேன். உன் மாமனார் கண்ணுக்கு அது விலாசம் மாதிரிதான் தெரியும். உறையில் போடுவதற்கு முன்னால் உன் அம்மாவுக்கு இதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். முடித்ததும், “அந்த ஊட்டுல இதை ஆருங்க வாசிப்பாங்க?” என்றாள். சம்பந்திதான் என்றேன். “கோயில் கல்யாணப் புத்தகத்துல அவருந்தானுங்க உங்க கைநாட்டுக்குப் பக்கத்துல கைநாட்டு வெச்சாரு. மாப்பிள்ளை லோடு ஏத்தப் போயிட்டா, வந்த காயிதத்தப் படிக்கறதும் நம்ம புள்ளதான், அவரு சொல்லச் சொல்ல எழுதறதும் நம்ம புள்ளதான்” என்றாள். வயிற்றுப் பிள்ளையோடு மாமனார் முன்னால் நின்று, அவரைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் நீ உன் வாயால் படிக்க வேண்டுமா? அத்தனை கடிதத்தையும் திரும்பத் திரும்பப் படித்தேன் கண்ணு, அது உன் கையெழுத்து என்று எனக்குத் தெரியாது. நல்ல கையெழுத்து.

மாமனாரிடம் இப்படிச் சொல். இரண்டு வண்டியையும் ஒன்றாக்க அப்பா சரி என்கிறார். தேவநேசனிடம் சிலிண்டரைக் கொடுத்தனுப்பினால் போதும், புதன்கிழமை நான் வந்து உன்னை அழைத்துப் போவேன். பிறகு உன்னையும் குழந்தையையும் கொண்டுவந்து விடும்போது, தொட்டில் சீரோடு வண்டியும் வந்துவிடும். அவர் ஷெட்டிலேயே நிற்கட்டும், அவர் பேரிலேயே இருக்கட்டும். முன்னால் எழுதியிருப்பதில் ஒரு வரிகூட வாசிக்காதே. கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் என் ஆயுசில் நான் எழுதிய முதல் கடிதம், மனம் வரவில்லை. உன் பெட்டிக்குள் வைத்துக்கொள். இத்தனை பக்கம் எழுதியதில் விஷயம் இவ்வளவுதானா என்று அவர் கேட்டால், மீதி முழுவதும் உங்கள் நலத்தைத்தான் விசாரித்திருக்கிறார் என்று சொல்லிவிடு.