பதினோராம் மணி மாப்பிள்ளை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் முருகன் சன்னதியில் நின்று, "இந்த வருஷம் எழுதிடுறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்னும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இங்கிலீஷைப் பற்றி எழுதுவதா என்ற கூச்சம் வேறு. இப்போது தலை நரைத்துவிட்டது. இனி யார் சிரித்தால் என்ன? (சிரிக்காதவர் எங்கள் சொந்தத்தில் யாரும் பாக்கியில்லை.)

நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, மெயின்லேண்டைத் தொட்டுவிட்டு, அந்தமானுக்கு ரப்பர் வெட்ட வந்த குடும்பம். நான் வளர்ந்து பாராடாங் ஃபெர்ரியில் கயிறு வீசிக் கட்டும் லஸ்கர் ஆனேன். அந்தச் சமயத்தில்தான் போர்ட் பிளேரில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. பெண்ணின் அப்பா ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியார். "பெரிய படிப்பு வேணாமாம், ஆனா பையன் ஆர்வமுள்ளவனா இருக்கணுமாம்" என்றார் தரகர்.

பெண்ணை நான் முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன். போர்ட் பிளேர் கோயிலில் பொங்கல் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முந்தைய ஆளோடு அண்டா காலி. அந்த முந்தைய ஆள் அவள்தான். திரும்பிப் பார்த்தாள். தன் தொன்னையில் இருந்ததில் பாதியை ஒரு வாழையிலைத் துண்டில் எடுத்து வைத்து என்னிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண்தான் இந்தப் பெண் என்று போட்டோ பார்த்துத் தெரிந்ததும், இவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று முருகனிடம் சொல்லிவிட்டேன். (முருகனிடம் மட்டும்தான். அண்ணனிடம் சொல்கிற தைரியம் ஏது?)

ஆர்வத்தைக் காட்ட வழி தேடியபோது ஒரு புத்தகம் கிடைத்தது. ஃபெர்ரியில் யாரோ டூரிஸ்ட் மறந்துவிட்டுப் போனது. இங்கிலீஷ் வழக்குச் சொற்கள் எப்படிப் பிறந்தன என்று சொல்லும் புத்தகம். மழையில் ஊறி எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்ள, எண்களைப் பற்றிய பகுதி மட்டும் பிரிக்க வந்தது. எங்கள் டிக்கெட் கவுன்டர் வங்காளி தாதா (அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன்) அதைப் படித்து எனக்கு ஹிந்தியில் விளக்கினார். நான் அதைத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டேன்.

"அரே பாய், இதுல ஒரு கிஸ்ஸா, ஒரு கதை, எடுத்து விடு. மாமனார் அங்கேயே ஃப்ளாட்" என்றார் தாதா. அவருக்கே அப்போது கல்யாணம் ஆகவில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

பெண் பார்க்கக் காலை பத்து மணிக்கு நல்ல நேரம். விடியலிலேயே அண்ணனும் நானும் கிளம்பிவிட்டோம். ஆனால் மழையில் காட்டு ரோட்டின் குறுக்கே மரம் சாய்ந்து கிடந்தது. அதை அறுத்து இழுத்து, பஸ் நகர்ந்து, நாங்கள் அந்த வீட்டுப் படியேறும்போது சாயங்காலம் ஐந்து. எங்கள் தீவில் ஐந்து மணி என்றால் இருட்டுக் கட்டுகிற நேரம். காலையில் கிண்டிய கேசரி கல்லாகிவிட்டிருந்தது. பெண்ணின் அம்மா முகமும் ஏறக்குறைய அப்படித்தான்.

"தம்பிக்கு இங்கிலீஷ் வருமா?" என்று வாத்தியார் தன்மையாகத்தான் கேட்டார்.

"பேச வராது சார். ஆனா அவங்க எண்ணுச் சொல்லெல்லாம் எப்படிப் பொறந்துச்சுன்னு தெரியும்."

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா? சொல்லுங்க, கேப்போம்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஸ்கோர்னா இருபது சார். ஆடு எண்ணுறவன் இருபதுக்கு ஒருக்கா குச்சியில வெட்டுப் போடுவான். வெட்டுக்குத்தான் அந்தப் பேரு. அப்புறம் சாராயக் கடையிலயும் யாரு எவ்ளோ குடிச்சான்னு கோடு போட்டு வச்சாங்க."

"சாராயக் கடையிலயா?" என்றார் அம்மா.

"ஆமாங்கம்மா. கெளம்பும்போது கோட்டை எண்ணிக் கணக்குத் தீர்த்துருவோம்." நாக்கைக் கடித்துக்கொண்டு, "தீர்த்துருவாங்க" என்றேன்.

அண்ணன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு பேக்கர்ஸ் டஜனுக்குப் போனேன். டஜன் என்றால் பன்னிரண்டு, ஆனால் ரொட்டிக்காரன் டஜனுக்குப் பதின்மூன்று. "ரொட்டி எடையில திருடுனா அந்தக் காலத்துல கடுமையான தண்டனை சார். காதைக் கதவோட வச்சு ஆணி அடிச்சிருவாங்களாம். அந்தப் பயத்துல, எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணு சேத்துக் குடுக்கறது. மாட்டிக்காம இருக்க நல்ல வழிதான்."

அம்மா என் காதையே பார்த்தார்.

அடுத்தது சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ். தாறுமாறாகக் கிடப்பதைச் சொல்வது. தாதா இதைச் சொன்னபோது எனக்கே மனது கஷ்டமாக இருந்தது. ஆறு என்றால் நமக்கு ஆறுமுகன். அவர்களுக்கு ஆறும் ஏழும் பகடைக்காய் சங்கதி. இருப்பதையெல்லாம் வைத்து ஆடித் தோற்கிறவன் கதை. வாயால் சொன்னது போதாதென்று, இல்லாத காய்களைக் கையில் குலுக்கி உருட்டியும் காட்டினேன். வருடக்கணக்காகக் கயிறு வீசிய மணிக்கட்டு. உருட்டு அவ்வளவு சுத்தமாக விழுந்தது.

"கை நல்லாப் பழகியிருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் தெளிவாகவே கேட்டது. "குடி, களவு, சூது. மூணும் அவரே வரிசையாச் சொல்லிட்டாரு. இனி நாம விசாரிக்க என்ன இருக்கு?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கோயில் பொங்கல் கண்முன்னே வந்தது. முருகா, உன் எண்ணான ஆறையே சொல்லி என்னைக் கெடுத்துக்கொண்டேனே என்று நினைத்தேன்.

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, விளக்கேத்துற நேரமாச்சு. நீங்களும் எலெவன்த் அவர்ல, கடைசி நேரத்துல வந்திருக்கீங்க" என்றார். அனுப்பிவைக்கும் குரல் அது.

"சார், அதுவும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

"தம்பி, போதும்டா. பஸ்ஸு போயிரும்" என்றார் அண்ணன்.

ஆனால் இந்தச் சொல் மற்றவை மாதிரி இல்லை. தாதா இதைப் படித்துக் காட்டிய அன்று நான் கடல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "இது ஏசுநாதர் சொன்ன கதை சார். அப்போ விடியல்லருந்து மணி எண்ணுவாங்க. பதினோராவது மணின்னா நமக்குச் சாயங்காலம் அஞ்சு. ஒரு தோட்டத்துச் சொந்தக்காரர் காலையிலேயே கொஞ்சம் பேரை வேலைக்குச் சேக்குறாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து நின்னவங்களையும் சேத்துக்கிட்டு, எல்லாருக்கும் ஒரே கூலி குடுக்குறாரு."

"அதுல உங்களுக்கு என்ன அவ்ளோ பிடிச்சது?"

"எங்க அப்பா சிலோன்ல பெரட்டுக்குப் போவாரு சார். காலையில பேர் கூப்புடுற எடம். முழுநாள் கூலின்னா முழுப்பேர். பாதின்னா அரைப்பேர். என்னைப் பிள்ளைக்காம்பராவுல, அதான் கொழந்தைங்களைப் பாத்துக்குற எடத்துல, விட்டுட்டு ஓடுறதுக்குள்ள நேரமாயிரும். அன்னைக்கு அரைப்பேர்தான். நாள் முழுக்க வேலை செஞ்சாலும் அரைப்பேர்தான். அந்தக் கதையில வர்ற தோட்டக்காரர் எங்க அப்பாவுக்குக் கெடைக்கலையேன்னு நெனச்சேன், அவ்ளோதான்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்கோர் கதை சரி. அந்தக் காதுல ஆணி அடிக்கிற கதை கொஞ்சம் கூட்டிச் சொன்னது" என்றார். பிறகு உட்பக்கம் திரும்பி, "அம்மாடி, மாப்பிள்ளை அஞ்சு மணிக்குத்தான் வந்திருக்காரு. அரைப்பேரா, முழுப்பேரா?" என்று கேட்டார்.

கதவோரத்தில் அவள் நின்றிருந்தாள். தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அரைப்பேரு கோயில்லயே குடுத்துட்டேன்ப்பா. மிச்சத்தையும் போட்ருங்க."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கல்லான கேசரியை நான் மறுவாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாமியார் மட்டும் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. தாலி கட்டி நாலைந்து வருடம் வரைக்கும், நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாலும் கொஞ்சம் பக்கத்தில் வந்து வாசம் பார்ப்பார். கடைசிக் காலத்தில் அவரே எல்லோரிடமும், "எங்க மாப்பிள்ளை கெட்டதெல்லாம் வாயோட சரி" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியாரும் அவரும் இப்போது இல்லை. டியூட்டி முடிந்து நான் நேரம் கழித்து வரும் நாட்களில் பிள்ளைகள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு இன்னிக்கு அரைப்பேரா, முழுப்பேராம்மா?" என்று கேட்பார்கள். என்னதான் கோபமாக இருந்தாலும் அவள் இதுவரை அரைப்பேர் போட்டதில்லை.

படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். ஏற்கெனவே எங்கள் அண்ணன் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும், நான் சட்டைப்பையிலிருந்து நிஜப் பகடையை எடுத்து உருட்டியதாகச் சொல்லி வருகிறார். முருகன் அறிய, என் கை வெறுங்கை. நீங்களாவது கூட்டாமல், முக்கியமாக அவள் கடைசியில் சொன்னதைக் குறைக்காமல், அப்படியே சொல்லுங்கள்.