மார்ச் இருபத்து மூன்றாம் தேதிப் பெட்டி

மதிப்புக்குரிய ‘இன்று என்ன நாள்’ பெட்டியின் ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழை ஆறு ஆண்டுகளாக வாங்கும் வீட்டிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே லிஃப்டுகள் அனைத்தும் நலம். இந்தக் கடிதத்தைச் சென்ற அக்டோபர் ஒன்பதாம் தேதி தொடங்கினேன். அன்று உலக அஞ்சல் நாள், யாருக்காவது ஒரு கடிதம் எழுதுங்கள் என்று பெட்டியில் போட்டிருந்தீர்கள். ‘மதிப்புக்குரிய’ வரை எழுதிவிட்டு எழுந்தவன், மார்ச் பத்தாம் தேதியான இன்றுதான் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் மையின் நிறம் மாறியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும்.

வாராவாரம் தங்களுக்குத் திருத்தம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்த ‘திருத்தக்காரி’ என் மனைவி. அந்தப் பெயர் தாங்கள் வைத்ததுதான். சென்ற ஆண்டு மார்ச் இருபத்து மூன்றாம் தேதி அவள் இறந்துவிட்டாள். வயது இருபத்தொன்பது. அது தெரியாமல் மூன்று வாரம் கழித்துத் தாங்கள் ஒரு கார்டு போட்டிருந்தீர்கள். ‘மூன்று வாரமாகத் திருத்தம் இல்லையே, நாங்கள் திருந்திவிட்டோமா அல்லது உங்களுக்கு உடம்பு சரியில்லையா?’ அந்தச் சமயத்தில் வந்தவர்கள் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவள் இல்லாமல் ஒரு வேலை நின்றுபோயிருக்கிறதே என்று கேட்டது தாங்கள் மட்டும்தான். அதற்கு நன்றி சொல்லத்தான் அக்டோபரில் உட்கார்ந்தேன்.

உங்க பெட்டியால எங்க வீட்டுல நடந்ததைக் கொஞ்சம் சொல்லணும். காலையில பேப்பர் வந்ததும், “ஏங்க, இன்னிக்கு என்ன நாள் தெரியுமா?”ன்னு கேப்பா. நான் “செவ்வாய்”னு சொல்வேன். “உங்ககிட்ட கேட்டேன் பாருங்க”ன்னு தலையில அடிச்சுக்கிட்டு வாசிச்சுக் காட்டுவா. வாசிச்சதோட விட்டா பரவாயில்லை, பெட்டியில போட்டதை அன்னிக்கே செஞ்சாகணும். ஒரு நவம்பர் பத்தொன்பதாம் தேதி நீங்க ஆண்கள் நாள்னு மட்டும் போட்டிருந்தீங்க. நானும் கால்மேல் கால் போட்டுக்கிட்டு காபி கேட்டேன். அவ எங்கேயோ தேடிப் பார்த்து, அதே தேதிதான் உலகக் கழிப்பறை நாளும்னு கண்டுபிடிச்சு, உங்களுக்குத் திருத்தத்தை அனுப்பிட்டு என் கையில பிரஷ்ஷைக் கொடுத்தா. அதுக்கு நீங்க ‘தவற்றைச் சுட்டியமைக்கு நன்றி’ன்னு கார்டு போட்டீங்க. எனக்கு யாரும் கார்டு போடலை.

அவ போனதுக்கப்புறம் பேப்பரை நிறுத்திடலாம்னு மச்சினி சொன்னா. நான் நிறுத்தலை. எல்லாரும் மனசு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. எங்க தொழில்ல பழுதுன்னா எந்த இடம்னு மீட்டர் வெச்சுப் பார்ப்போம். எங்கே வெச்சுப் பார்த்தாலும் முள்ளு அசையலைன்னா என்ன சொல்றது? காலையில எழுந்தா அடுத்து என்ன செய்யணும்னு தெரியாது. உங்க பெட்டிதான் தெனம் ஒரு வேலை சொல்லுச்சு, நானும் அவ இருந்தா எப்படியோ அப்படியே செஞ்சேன். ஆகஸ்டுல இடக்கையாளர் நாள் வந்துச்சு, இடது கையால ஸ்பேனரைப் பிடிச்சேன், அது ஒன்பதாவது மாடியிலேர்ந்து அடிக்குழியில போய் விழுந்துது. நவம்பர்ல வணக்க நாள், பத்துப் பேருக்கு வணக்கம் சொல்லணும். வாட்ச்மேனோட சேர்த்து ஆறு பேருக்குச் சொல்லியாச்சு. மதியம் ஒரு லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு, கேபினுக்கு மேல இறங்கி மூடியைத் திறந்து பார்த்தா உள்ளே சரியா நாலு பேர். கணக்கு சரியா வந்த சந்தோஷத்துல இருட்டுக்குள்ள தலையை மட்டும் நீட்டி “வணக்கம், வணக்கம், வணக்கம், வணக்கம்”னு சொன்னேன். ஒரு அம்மா அலறிட்டாங்க. ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர், “யாருப்பா அது மேலேர்ந்து?”ன்னார். “நான்தான் சார் மெக்கானிக். இன்னிக்கு வணக்க நாள்.” “முதல்ல எங்களை இறக்கி விடு, அப்புறம் சாவகாசமா கும்பிட்டுக்கலாம்”னார்.

டிசம்பர்ல மலை நாள், கொஞ்சம் உயரம் ஏறிப் பாருங்கன்னு போட்டீங்க. இங்கே மலைக்கு எங்கே போறது, பதினோரு மாடி படியிலேயே ஏறினேன். லிஃப்ட் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துது. நான் மூச்சு வாங்க ஏறுறதைப் பார்த்து நாலாவது மாடி அக்கா, “மெக்கானிக்கே ஏற மாட்டேங்கிறான், நாம எந்தத் தைரியத்துல ஏறுறது?”ன்னு கேட்டுட்டாங்க. ரெண்டு நாள் அந்தக் கட்டடத்துல ஒருத்தரும் லிஃப்டுல ஏறலை. மேனேஜர் கூப்பிட்டு, “தம்பி, ஒரு மாசம் லீவு எடுத்துக்கோயேன்”னார். “எடுத்து என்ன சார் பண்றது?”ன்னேன்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இன்னும் பதிமூணு நாள்ல அந்தத் தேதி வருது. போன வருஷம் அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவ பேப்பரைக் கேட்டு வாங்கினா. உலக வானிலை நாள்னு இருந்துது. “ஜன்னல்ல பார்த்துச் சொல்லுங்க, மழை வருமா?”ன்னா. வராதுன்னேன். பேனா கேட்டா, கொடுத்தேன். எதையோ எழுதி மடிச்சு என்கிட்ட நீட்டினா, அதுக்குள்ள டாக்டர் வந்துட்டார். சாயங்காலம் நல்ல மழை.

அதனால தயவுசெஞ்சு இந்த மார்ச் இருபத்து மூணாம் தேதி பெட்டியைக் காலியா விடுங்க. நீங்க என்ன போட்டாலும் நான் செஞ்சுடுவேன். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் எனக்கு வேலை சொல்லாதீங்க.

இத்தனை நாள் காலையில என்னை எழுப்பி விட்டதற்குத் தங்களுக்கும், பெட்டிக்கு அச்சுக் கோர்ப்பவருக்கும், பிழை விட்டு அவளைச் சந்தோஷமாக வைத்திருந்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தாங்கள் நீண்ட நாள் நலமாக இருந்து, அவ்வப்போது தப்பும் விட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

திருத்தக்காரியின் கணவன்

பின்குறிப்பு: மேலே கேட்டதை அடிச்சுடுங்க. உறையில ஒட்ட ஸ்டாம்ப் தேடி டூல் பையைக் கவிழ்த்தப்போ, மீட்டர் உறையோட அடியில ஒரு மடிச்ச காகிதம், அன்னிக்கு டாக்டர் வந்த அவசரத்துல நான் சொருகினதுதான். ரத்தப் பரிசோதனைச் சீட்டோட பின்பக்கம். ஒரு வருஷமா தெனம் அந்தப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிருக்கேன். அப்படியே எழுதுறேன்:

‘ஐயா, இன்றைய பெட்டியில் ஒன்று விட்டுப்போயிற்று. 1857 மார்ச் 23 அன்றுதான் ஒரு கடையில் முதன்முதலாக ஆட்கள் ஏறும் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. வானிலைக்கு நாள் உண்டு, லிஃப்டுக்குக் கிடையாதா? என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எல்லா நாளையும் என் பேச்சைக் கேட்டுக் கொண்டாடுகிறார், அவருக்கென்று ஒரு நாள் இல்லை. அடுத்த வருடமாவது மறக்காமல் போடவும்.’

மறக்காம போடுங்க சார். பெட்டியைக் காலியா விட வேண்டாம். அன்னிக்கு நான் லிஃப்டுலேயே ஏறுறேன். போட்டதும் கார்டு அனுப்புவீங்கல்ல, அதை அவ பேருக்கே அனுப்புங்க. உங்க கார்டுகளை அவ போட்டு வெச்ச பிஸ்கட் டப்பாவுல இன்னும் ஒண்ணுக்கு இடம் இருக்கு.