எட்டுக் கணினிக்கும் ஒரே பெயர்

'தற்காலிகமாக' என்று சொல்லிச் செய்யும் எதையும் நம்பக் கூடாது. எங்கள் மலைக்கிராமமான பள்ளங்கியில் பூண்டு மூட்டை நனையாமலிருக்கத் தற்காலிகமாகக் கட்டிய தார்ப்பாய்க்கு அடியில் இதுவரை இரண்டு கல்யாணப் பந்தி நடந்திருக்கிறது. நான் தற்காலிகமாக எழுதிய ஒரே ஒரு வரி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்து என் மானத்தை வாங்கியது.

அப்போது கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். (யாரும் எழுதலாம், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். "அப்ப சம்பளம் யாரு தருவா?" என்று அப்பா கேட்டபோது காப்பி போடப் போய்விட்டேன்.)

பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு புண்ணியவான் எட்டுப் பழைய கணினிகளைக் கொடுத்திருந்தார், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு. அப்படிப்பட்டவற்றை வேறொரு கணினியிலிருந்து கேபிள் வழியாக எழுப்பிவிடும் பூட் மென்பொருள் உண்டு. ஆனால் இவற்றிலிருந்த நெட்வொர்க் கார்டை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் கார்டோடு பேசும் நிரலை, அதாவது டிரைவரை, நான் எழுதிச் சேர்த்தால்தான் உண்டு.

"திங்கக்கிழமைக்குள்ள எட்டும் ஓடலேன்னா வேற பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துருவாங்கம்மா," என்றார் தலைமையாசிரியை.

"நீங்க ரிப்பன் வாங்கிருங்க டீச்சர்," என்றேன். (அந்த வயதில் வாய்தான் முதலில் ஓடும்.)

ஒரு கணினியை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ஒவ்வொரு கார்டுக்கும் தனக்கென்று ஓர் எண் உண்டு. அதுதான் அதன் பெயர். டிரைவர் அதைக் கார்டிலிருந்து படிக்க வேண்டும். என் டிரைவர் படிப்பேனா என்றது. அதனால் கார்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து அந்த எண்ணை நானே நிரலில் எழுதிவிட்டேன். தற்காலிகமாகத்தான். பிறகு படிக்கவும் கற்றுக்கொடுத்தேன். ஆனால் அந்த வரியை அழிக்க மறந்துவிட்டேன். கணினிக்கு உயிர் வந்ததும் அம்மா சூடம் காட்டினார்.

"மத்த ஏழையும் ஒருக்கா போட்டுப் பாத்துரு தாயி," என்றார் அப்பா.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்ப்பா."

திங்கட்கிழமை ரிப்பன் வெட்டியாயிற்று. எட்டுக் கணினிக்கு முன்னாலும் பிள்ளைகள். எட்டையும் ஒன்றாகப் போட்டேன். ஒரு திரையில் எழுத்துகள் கொஞ்சம் ஓடி நின்றன. அது நின்றதும் பக்கத்துத் திரை அசைந்தது, பிறகு அதுவும் நின்றது. கடைசியில் எட்டும் மரம்போல நின்றுவிட்டன. பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள், பெற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியை செல்போனைக் கையில் எடுத்தார். அப்படியே ஜன்னல் வழியாக மஞ்சுமூட்டம் புகுந்து என்னை மூடிவிடக் கூடாதா என்றிருந்தது.

"என்னத்தா ஆச்சு?" என்று அப்பா பக்கத்தில் வந்தார். எட்டையும் எழுப்பிவிடும் என் கணினியின் திரையைப் பார்த்தேன். எட்டு வரியிலும் நான் நிரலில் எழுதிய அதே எண்.

"எட்டுக்கும் ஒரே பேர வச்சுட்டேன்ப்பா."

அப்பா மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாதவர். திரும்பி, மைக்கைப் பிடித்தார். "ஒண்ணும் பயப்படாதீங்க. எம்மக எட்டுப் பிள்ளைக்கும் ஒரே பேர வச்சுட்டா. ஒண்ணக் கூப்புட்டா எல்லாம் ஓடியாருதுக. இந்தா, வெரசா மாத்திருவா, இருங்க."

ஊரே சிரித்தது. காது எரிய எரிய அந்த வரியை அழித்து, மறுபடி போட்டேன். ஒவ்வொன்றாக எட்டும் எழுந்து வந்தன. பிள்ளைகள் கைதட்டியபோது நான் அழுதுவிட்டேன். வெட்கத்தில் கொஞ்சம், சந்தோஷத்தில் மிச்சம். கணினிகள் ஊரைவிட்டுப் போகவில்லை. டிரைவரையும் அந்தப் பூட் மென்பொருளில் சேர்த்துக்கொண்டார்கள். எந்த நாட்டிலோ யாரோ அதை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் குளிரே தெரிவதில்லை.

போன மாதம் அண்ணனின் இரட்டைக் குழந்தைகளுக்குப் பெயர் வைத்தோம். அத்தை முறைக்கு நான்தான் காதில் சொல்ல வேண்டும்.

"ரெண்டு பேருத்தா. நெனப்பிருக்குல்ல?" என்றார் அப்பா, மண்டபத்துக்கே கேட்கும்படி.

முதல் குழந்தைக்குச் சொல்லி முடித்தேன். இரண்டாவதின் காதருகே குனிந்தபோது, சரிபார்ப்பதற்காக அப்பாவும் குனிந்து நடுவில் தன் காதைக் கொண்டுவந்து வைத்தார்.