கேஸ் போட்ட கார்

ஓர் அலுவலகத்தின் மானம் அதன் கட்டடத்தில் இல்லை, கோப்புகளிலும் இல்லை. இயக்குநரின் காருக்குள் வீசும் காற்றில்தான் இருக்கிறது. நல்ல கோடையில் அந்தக் காற்று சூடாக வீசத் தொடங்கியபோது, அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாகனப் பிரிவின் தலைமை எழுத்தரிடம் வந்து சேர்ந்தது.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'அகராதி'. தன் சொல்வளத்தை மெச்சித்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நம்பினார். அந்தச் சொல்லுக்குத் திமிர் என்றும் ஒரு பொருள் உண்டு என்று எடுத்துச் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை. அவருடைய குறிப்புகளில் பிறமொழிச் சொல் ஒன்றுகூடத் தலைகாட்டாது. காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, பஸ்ஸில் வருகிறவர். ஆனால் தெரியாத விஷயத்தைப் பற்றித் தெளிவாக எழுதுவதுதானே தலைமை எழுத்தரின் வேலை.

"செயலாளர் மேடம் ஆய்வுக்கு வர்றாங்க," என்றார் இயக்குநர். "நம்ம கார்லதான் சுத்திப் பார்ப்பாங்க. உள்ளே சில்லுன்னு இருக்கணும். இருந்தா நீங்க கண்காணிப்பாளர். இல்லேன்னா ரிட்டயர் ஆகிற வரைக்கும் இதே நாற்காலிதான்."

அகராதி கண்காணிப்பாளர் ஆகிவிட்டதாகவே அவர் மனைவி தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். உடனே டிரைவரைக் கூப்பிட்டார்.

"காருக்கு என்னய்யா ஆச்சு?"

"கேஸ் போயிடுச்சு சார்."

"போயிடுச்சா? எப்படி?"

"கொஞ்சம் கொஞ்சமா லீக் ஆகிப் போயிருக்கு. லீக் எங்கேன்னு கண்டுபிடிச்சு அடைச்சுட்டு, புதுசா கேஸ் போடணும் சார்."

எந்தக் கேஸ் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டிரைவரிடம் போய்ச் சந்தேகம் கேட்டால் கௌரவம் என்ன ஆகிறது? அலுவலக வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் கேஸ் என்றால் வழக்கு. அவர் பேனாவைத் திறந்தார்.

'இயக்குநர் அவர்களின் மகிழுந்து தொடர்பான வழக்கு, விவரங்கள் சிறுகச் சிறுகக் கசிந்த காரணத்தால் தோற்றுவிட்டது. கசியவிட்டவரைக் கண்டறிந்து, புதிய வழக்குத் தொடர ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டப்படுகிறது.'

இயக்குநர் கையெழுத்திட்டார். படித்துவிட்டுக் கையெழுத்திட்டால் வேலை தேங்கிவிடும் என்பது அவர் கொள்கை. சட்டப் பிரிவுக்கு அப்படி ஒரு வழக்கே நினைவில் இல்லை. தோற்ற வழக்கைத் தெரியாது என்று சொன்னால் தூங்கிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்பார்கள். ஆகவே, 'மேல்முறையீட்டுக்கு முகாந்திரம் உண்டு' என்று எழுதி அனுப்பினார்கள். கசிவைக் கண்டுபிடிக்க விஜிலென்ஸ் அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். டிரைவரை நிற்கவைத்து விசாரித்தார். அகராதி பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

"பெரிய லீக்கா?"

"சின்னதுதான் சார். சும்மா பார்த்தா தெரியாது. சோப்பு போட்டுப் பார்த்தாதான் தெரியும்."

"சரிதான். நைசா சோப்பு போட்டு வாயைப் பிடுங்கணும். அப்புறம்?"

"பிரஷர் பார்க்கணும். மேல் பிரஷர், கீழ் பிரஷர் ரெண்டும்."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "மேலேயிருந்து பிரஷர் இருக்கா?"

"முன்னாடி இருந்துச்சு சார். இப்போ சுத்தமா இல்லை."

"அப்பாடா!"

"பழைய கேஸ் மிச்சம் மீதி இருந்தா அதையும் வெளியே எடுத்துட்டு, புதுசை எடை பார்த்துப் போடணும் சார்."

"வெயிட்டான கேஸா போடணும்ங்கிறே. இவ்வளவு விவரம் உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"தினமும் கூடவே இருக்கிறவன் நான்தானே சார்."

அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? கசியவிட்டவன் டிரைவர்தான் என்று முடிவாயிற்று. அகராதியின் அழகு நடையில் உத்தரவு தயாரானது: கசிவு அடைபட்டதாகப் பதிவாகும்வரை மகிழுந்தின் கண்ணாடிகளை எக்காரணம் கொண்டும் இறக்கலாகாது, பழுதுபார்ப்பவர் உள்ளிட்ட வெளியார் எவரும் அதைத் தொடலாகாது, செயலாளரின் ஆய்வுக்குள் கசிவு அடைபடாவிட்டால் ஓட்டுநர் பணிநீக்கம் செய்யப்படுவார்.

"சார், பொண்ணுங்க ரெண்டும் படிச்சிட்டிருக்குங்க," என்றான் டிரைவர். அதையும் அகராதி வாக்குமூலத்தில் சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, கேஸ் போயிடுச்சு!"

"என்னது?"

"கேஸுங்க. அடுப்புல எரியுமே, அது. லீக் ஆகியிருக்கும்போல."

அகராதி கழற்றிய சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. டிரைவரின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. காலையில் முதல் ஆளாக இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், அது வழக்கு இல்லை. காத்து."

"என்ன காத்து?"

"ஏசிக்குள்ள அடைக்கிற காத்து சார். தப்பு முழுக்க என்னோடது. பாவம், டிரைவர் ஒண்ணும் பண்ணலை."

இயக்குநர் கோப்பைப் புரட்டினார். அநேகமாக முதல் தடவையாகப் படித்தார்.

"காத்துக்கு மேல்முறையீடு பண்ணலாம்னு சட்டப் பிரிவு சொல்லியிருக்கு. காத்தைக் கசியவிட்டவனை விஜிலென்ஸ் பிடிச்சிருக்கு. எல்லாத்துக்கும் கீழே நான் கையெழுத்து போட்டிருக்கேன். இப்போ வந்து காத்துங்கிறீங்களே, நியாயமா?"

"மெக்கானிக்கிட்ட விட்டா மதியத்துக்குள்ள சரியாகிடும் சார்."

"கேஸ்ல இருக்கிற காரை யாரு தொடுறது? இதோ பாருங்க. மேடம் வாயால சில்லுன்னு இருக்குன்னு வந்துட்டா, ஆய்வு முடிஞ்சதும் லீக் அடைபட்டதா எழுதிடலாம். டிரைவர் வேலையும் தப்பிக்கும், உங்க பதவியும் வரும். வரலைன்னா ரெண்டும் போகும்."

ஆய்வு நாளும் வந்தது. உச்சி வெயிலில் கார் புறப்பட்டது. பின்சீட்டில் செயலாளரும் இயக்குநரும், முன்னால் டிரைவரும் அகராதியும். கண்ணாடிகள் இறுக மூடியிருந்தன. காற்று வந்தது, சோறு வடிக்கும்போது முகத்தில் அடிக்குமே, அப்படி வந்தது.

செயலாளர் மூடிய கண்ணாடியைப் பார்த்தார். புழுங்குகிறது என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால், இவருக்கு ஏசி இல்லாத காரைத்தான் கொடுத்தார்களாம் என்று நாளைக்கு ஊரே பேசும்.

"பரவாயில்லையே," என்றார் கடைசியில். "நல்லா சில்லுன்னு இருக்கே."

டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நன்றியில் ஒரு யோசனையும் சொன்னான்.

"ரொம்பக் குளிருதுன்னா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கட்டுமா மேடம்?"

என்ன அருமையான யோசனை! யார் மானமும் போகாமல் எல்லோரும் மூச்சு விடலாம். செயலாளரின் கையே கண்ணாடியை நோக்கிப் போய்விட்டது. இயக்குநர் கண்ணை மூடி, வரப்போகும் காற்றுக்கு முகத்தைக் காட்டினார். அகராதிக்கு மட்டும் தான் எழுதிய உத்தரவு வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. கசிவு அடைபட்டதாக இன்னும் பதிவாகவில்லை. இப்போது இறக்கினால் உத்தரவை மீறியவன் டிரைவர். அவன் வேலை அதோடு சரி.

"இறக்கக் கூடாதுங்க மேடம்," என்றார் ஈனக் குரலில். "உத்தரவு இருக்கு. உள்ளே இருக்கிற குளிர் கசிஞ்சிடும்."

செயலாளரின் கை மடிக்குத் திரும்பியது. "இந்த மாதிரி ஆள்தான் கண்காணிப்பாளரா வரணும்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அகராதி கும்பிடத் திரும்பினார். நெற்றியில் கிளம்பி மூக்கு வழியாக இறங்கிய தண்ணீர் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது, முகமெல்லாம்?"

சில்லென்று இருக்கும் காரில் வேர்வைக்கு ஏது இடம்?

"ஆனந்தக் கண்ணீருங்க மேடம்."

செயலாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டார். "எனக்கும் கண் கலங்கிடுச்சு," என்றார்.

பக்கத்தில் இயக்குநருக்கு முதுகெல்லாம் ஆனந்தக் கண்ணீர்.