செண்டாய் நகரத்துப் பெரிய புள்ளி

செண்டாய் நகரத்தில் குனியோவைப் போல் புள்ளி சேர்த்தவர் யாருமில்லை. மீன் கேக் கம்பெனியில் பிரிவுத் தலைவர் என்பது அவருக்கு உத்தியோகம். கடன் அட்டையைத் தேய்த்து, விமானச் சீட்டாக மாற்றிக்கொள்ளும் பயணப் புள்ளி சேர்ப்பதுதான் வாழ்க்கை. மழை நாளில் புள்ளி இரட்டிப்பு என்று ஒரு கடை அறிவித்திருந்தது. மழை வந்தால் ஊரே வீட்டுக்கு ஓடும். குனியோ வீடு மட்டும் கடைக்கு ஓடும். அவர் ஓடமாட்டார். மனைவி மிசாவோவை ஓடவிடுவார்.

"ஏங்க, அலமாரியில சோயா சாஸ். கட்டிலடியில சோயா சாஸ். நாம குடும்பம் நடத்துறோமா, குடோன் நடத்துறோமா?"

"புள்ளி, மிசாவோ, புள்ளி!"

"மூணு மாடி தூக்கிட்டு ஏறுறேனே, என் இடுப்புக்குத்தான் முற்றுப்புள்ளி வைக்கப் போறீங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த குனியோ திடீரென்று கர்ஜித்தார். மிசோ சூப் மேஜையெல்லாம் தெறித்தது.

"சேர்ந்துடுச்சு! தைபே, பாங்காக், இஸ்தான்புல்! ஒரே பயணம், மூணு நாடு! கையிலேருந்து வரி மட்டும் கட்டினாப் போதும்!"

மிசாவோ கடல் தாண்டியதே இல்லை, ஜப்பானுக்குள்ளேயே இருக்கும் ஹொக்கைடோ தீவைத் தவிர. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நிஜமாவா?" என்றாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் குனியோ அன்றே பெரிய மனிதர். ஆனால் பக்கத்து வீட்டு ஒகித்சு போன வருஷம் விமானத்தில் காலை நீட்டிப் படுத்தபடி ஒரு படம் அனுப்பியிருந்தார். அந்தக் கால் குனியோவின் நெஞ்சிலேயே மிதித்துக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார். இருக்கிற புள்ளிக்கு இரண்டு சாதாரண சீட்டு எடுத்தால் மிச்சம் விழும். ஒரு படுக்கை சீட்டும் ஒரு சாதாரண சீட்டும் எடுத்தால் கச்சிதம்.

"முன்னாடி படுத்துட்டே போற சீட்டு ஒண்ணே ஒண்ணுதான் காலியா இருக்காம்" என்றார், மேற்கூரையைப் பார்த்தபடி. "இன்னொண்ணு பின்னாடி."

"அடடா. முன்னாடி யாரு போறது?"

குனியோ முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினார். நன்றாக ஒத்திகை பார்த்த முனகல்.

"ஐயோ பாவம், முதுகா! நீங்களே போங்க. நான் உட்கார்ந்தே தூங்கிடுவேன்."

தட்டில் இருக்கும் கடைசி மீன் துண்டைக்கூட விட்டுக்கொடுக்காதவள் இப்படிச் சொன்னாளே என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பல நாட்டுப் பயணம் என்பதால் விமானக் கம்பெனியிடம் போனில் பேசித்தான் பதிவு செய்ய வேண்டுமாம். மறுநாள் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடியவில்லை, மேலதிகாரி வந்துவிட்டார். போனை வைத்துவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"நீயே பேசிடு. ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. முன்னாடி யாரு?"

"நீங்கதாங்க."

சாயங்காலம் வீடு திரும்பியதும் முதல் கேள்வி அதுதான். "முடிஞ்சுதா? நான் முன்னாடிதானே?"

"முதல் வரிசை, ஜன்னலோரம். போன் எடுத்த பொண்ணு தங்கமாப் பேசுச்சுங்க."

கிளம்பும் நாளும் வந்தது. தைபே விமானத்தில் முதல் வரிசை ஜன்னலோரம் குனியோ அமர்ந்தார். அமர்ந்தார் என்பது தப்பு, கொலுவிருந்தார். ஷாம்பெயின் வந்தது. சூடான துண்டு வந்தது. நீட்டிய இரண்டு காலையும் படமெடுத்து ஒகித்சுவுக்கு அனுப்பினார். திரையை விலக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தார். இரண்டு தடியர்களுக்கு நடுவே புத்தகத்தில் வைத்த மயிலிறகு மாதிரி மிசாவோ இருந்தாள். சிரித்துக் கையாட்டினாள். அந்த நிமிஷம் அவர்தான் ஜப்பானிலேயே பெரிய புள்ளி. படுக்கையைச் சாய்த்து ஒரு கொட்டாவி விட்டார். தைபே வந்துவிட்டது.

அங்கே மாட்டிறைச்சி நூடுல்ஸும் ராத்திரிச் சந்தையுமாக நாள்கள் பறந்தன. பிறகு பாங்காக் விமானத்துக்காகக் கவுன்டரில் நின்றார்கள். கொடுத்த சீட்டைக் குனியோ திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசி வரிசை. நடு சீட்டு.

"தப்பு நடந்திருக்கு! நான் முன்னாடின்னு சொன்னேனே?"

"முன்னாடிதானே வந்தீங்க, தைபே வரைக்கும்?" என்றாள் மிசாவோ. "எது வரைக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே. ஒவ்வொரு விமானத்துக்கும் ஆளை மாத்திக்கலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நானும் பிரிச்சேன்."

"எப்படிப் பிரிச்சே?"

"முதல் விமானம் உங்களுக்கு. மிச்சம் எனக்கு."

"இஸ்தான்புல்லுக்கு நாள் முழுக்கப் பறக்கணுமேடி!"

"அதனாலதாங்க படுக்கை எடுத்தேன்."

"என் முதுகு?"

"அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொல்லுச்சுங்க. முன்னாடி சீட்டெல்லாம் தாராளமா இருக்காம். புள்ளிதான் பத்தலையாம். அப்பத்தான் எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பிச்சுது."

வருஷக்கணக்காகப் புள்ளி வைத்தவர் குனியோ. ஒரே போனில் கோலத்தை இழுத்து முடித்துவிட்டாள் அவள்.

பாங்காக்கில் இறங்கியபோது மிசாவோ அன்றலர்ந்த தாமரை. குனியோ கசக்கிப் போட்ட சட்டை. ஆற்றுப் படகில் தண்ணீர் தெறித்ததற்கே அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! சரி, போகட்டும், இவ்வளவு சந்தோஷமாக இருப்பவள் இரக்கப்படாமலா போவாள் என்று ஒரு நம்பிக்கை அவருக்குத் துளிர்த்தது.

இஸ்தான்புல் விமானத்திலும் அதே கடைசி வரிசை, நடு சீட்டு. ஒரு பக்கம் அழும் குழந்தை, மறுபக்கம் மல்யுத்த வீரர். பாதி வழிவரை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "முன்வரிசையில என் சம்சாரம் இருக்காங்க. கொஞ்ச நேரம் இடம் மாத்திக்கலாமான்னு கேட்டுச் சொல்லும்மா" என்று கெஞ்சினார்.

பணிப்பெண் போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகத்தில் அடக்கிய சிரிப்பு.

"தூங்கப் போறாங்களாம் சார். இஸ்தான்புல் வர்ற வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாதாம். அதுலயும் கடைசி வரிசையில இருக்கிறவரு எழுப்பவே கூடாதாம்."